திருகோணமலையில் தங்கிப் படிக்க: விடுதியா, போர்டிங்கா, நாலு பேர் சேர்ந்து அனெக்ஸா?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நகரத்துக்குள் இல்லை. நிலாவெளிப் பக்கம், கோணேசபுரியில் இருக்கிறது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, மலையகம், தெற்கு என்று எல்லாத் திசையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். விடுதி இடம் பொதுவாக முதலாம் வருடத்தாருக்கும் இறுதி வருடத்தாருக்கும்தான் முதலில் போகும். அதனால் இடைப்பட்ட வருடங்களில்தான் எங்கே தங்குவது, யாரோடு தங்குவது என்ற கேள்வி வருகிறது. அதையும் பரீட்சை முடிந்த களைப்பில், ஊருக்குப் போகும் அவசரத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள்.

நான் அலஸ்தோட்டத்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டுப் பின்பக்க அனெக்ஸில் பல வருடமாக வளாகத்துப் பிள்ளைகள் இருந்து படித்துப் போகிறார்கள். நானும் ஒரு காலத்தில் வேறு ஊரில் போர்டிங்கில் இருந்து படித்தவள்தான். இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இது: வீடு பார்க்க வருகிற பிள்ளைகள் முதலில் கட்டிலையும் அலுமாரியையும்தான் பார்க்கிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருப்பது குசினியால், பாத்ரூமால், கரண்ட் பில்லால். ஆகவே ஓர் இடத்தை எடுக்குமுன் அங்கே எதை, எத்தனை பேரோடு பங்கு போடப்போகிறீர்கள் என்று பாருங்கள். கட்டிலையும் அலுமாரியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விடுதி

முதலாம் வருடத்தில் விடுதி கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம், எடுத்துவிடுங்கள். கட்டணம் வெளி வாடகையோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. விரிவுரை மண்டபமும் நூலகமும் நடக்கிற தூரம். கார்த்திகை, மார்கழி மழையில் புல்மோட்டை வீதியில் பஸ்ஸுக்கு நிற்காமல் வகுப்புக்குப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியிலிருந்து போகிறவர்களைக் கேட்டால் தெரியும். வார்டன் இருக்கிறார், வாசலில் காவல் இருக்கிறது. ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கும் நிம்மதி.

பங்கு என்று பார்த்தால் விடுதியில் எல்லாமே பங்குதான். அறை, பாத்ரூம், உடுப்புக் காயப்போடும் கொடி, இரவில் லைற் அணைக்கும் நேரம்கூடப் பங்கு. அறைக்குள் சமைக்கப் பொதுவாக விடமாட்டார்கள். யாரோடு அறை என்பதும் பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் அதிகம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளிக்கூடக் காலம் முழுக்கத் தன் ஊர்ப் பிள்ளைகளோடு மட்டுமே இருந்து வந்த ஒருத்திக்கு, வேறு மொழி, வேறு சமயப் பிள்ளையோடு ஒரே அறையில் இருக்கும் வாய்ப்பு இதற்குப் பிறகு சுலபத்தில் வராது. வெளியே வீடு எடுக்கும்போது எல்லோரும் தெரிந்தவர்களைத்தானே சேர்க்கிறார்கள்.

பகிடிவதைக்குப் பயந்து விடுதி வேண்டாம் என்று சொல்கிற பெற்றோரும் இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வெளியில் எடுத்தால் தப்பிவிடலாம் என்று நம்ப வேண்டாம், போர்டிங் அறைகளுக்குள்ளும் அது நடக்கும். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி, கல்வி நிறுவனத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் பகிடிவதை குற்றம்தான், 2 வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ சேர்ந்தால் 10 வருடம் வரை போகும். உங்கள் பிள்ளைக்கு இது தெரிந்திருக்கட்டும். வார்டனிடம் சொல்ல முடியும் என்ற தைரியமும் இருக்கட்டும்.

வீட்டுக்காரரோடு ஓர் அறை

சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கம் பல குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே ஓர் அறையை ஒருவருக்கோ இருவருக்கோ கொடுக்கின்றன. இங்கே நீங்கள் பங்கு போடுவது ஒரு குடும்பத்தோடு. குசினி அன்ரியுடையது, தொலைக்காட்சிச் சத்தம் அங்கிளுடையது, கேற் பூட்டும் நேரம் அவர்களுடையது. சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தால் பெரிய உதவி. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் இருக்கும். டெங்குக் காலத்தில் இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்பதை இந்த மாவட்டத்தில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

யாரையும் தெரியாமல் வரும் பெண் பிள்ளைக்கும், இறுதி வருட ஆய்வை எழுதிக்கொண்டு அமைதி வேண்டும் என்பவருக்கும் இது நல்லது. கூட்டாளிகள் வந்து இருந்து இரவிரவாகக் குழு வேலை செய்ய வேண்டிய பாடம் என்றால் சரிவராது. அப்படி நாலு பேர் வந்து இருந்தால் வீட்டுக்காரருக்கும் கஷ்டம், உங்களுக்கும் சங்கடம்.

நகரத்துக்குள், லிங்கநகரிலோ உவர்மலையிலோ பாலையூற்றிலோ முழு வீடு எடுத்து ஆறு பேர், எட்டுப் பேர் இருப்பதும் உண்டு. ஆண் பிள்ளைகள்தான் அப்படி அதிகம் எடுக்கிறார்கள். தலைக்கு வாடகை குறையும். சந்தை, ஆஸ்பத்திரி, ரியூஷன் வகுப்பு எடுத்து நாலு காசு உழைக்கும் வழி எல்லாம் பக்கத்தில். ஆனால் தினமும் போக வர பஸ், இருட்டினால் பஸ்ஸும் குறையும், ஓட்டோவுக்குக் கொடுத்துக் கட்டாது. அப்புறம் பாத்ரூம் கணக்கு. ஆளுக்குக் கால் மணித்தியாலம் என்றாலும் ஆறு பேருக்கு ஒன்றரை மணித்தியாலம். எட்டு மணி வகுப்புக்கு ஆறரை பஸ்ஸைப் பிடிக்கிற வீட்டில், முதல் ஆள் நாலரைக்கே எழும்ப வேண்டும். அந்த வீட்டில் இரண்டு பாத்ரூம் இல்லையென்றால் மேலே பேசவே வேண்டாம்.

நாலு பேர், இரண்டு அறை

இடைப்பட்ட வருடங்களுக்கு எனக்குச் சரியென்று படுவது அனெக்ஸ்தான். தனி வாசல், இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு பாத்ரூம், நாலு பேர். மூன்று பேர் வேண்டாம் என்று வலிந்து சொல்வேன். மூன்று பேர் இருக்கும் இடத்தில் எப்போதோ ஒருநாள் இரண்டு பேர் சேர்ந்துவிடுவார்கள், ஒருத்தி தனித்துப் போவாள். யாரும் கெட்டவர்கள் என்பதற்காக இது நடப்பதில்லை. நாலு பேர் என்றால் ஒருத்தியோடு மனஸ்தாபம் வந்தாலும் போய்ப் பேச இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள்.

யாரைச் சேர்ப்பது? உயிர்த் தோழி என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்க்காதீர்கள். எத்தனை மணிக்குத் தூங்குவாள், சத்தம் போட்டுப் படிப்பாளா, காசு விஷயத்தில் சொன்ன திகதிக்குத் தருவாளா என்று பாருங்கள். விடுதியில் ஒரு வருடம் சேர்ந்து இருந்தவர்களுக்கு இதெல்லாம் ஏற்கனவே தெரிந்திருக்கும், விடுதியை எடுங்கள் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். படிப்பு எத்தனை வருடம் என்பதையும் பாருங்கள். சித்த மருத்துவம் படிப்பவர் ஐந்து வருடமும் அதன் பிறகு பயிற்சியும் முடிக்க வேண்டும். மூன்று வருடப் பட்டத்துக்கு வந்தவர் அதற்கு வெகு முன்னரே பெட்டி கட்டிவிடுவார். ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போகிறவர்கள் சேர்ந்தால் நடுவில் ஆள் தேடும் தலையிடி இல்லை.

இரண்டு அறையும் ஒரே மாதிரி இருக்கும் அனெக்ஸ் அரிது. ஒன்று பெரிதாக இருக்கும், அல்லது காற்று வரும், அல்லது பாத்ரூம் அதனோடு ஒட்டி இருக்கும். வாடகையைச் சரிசமமாக நாலாகப் பிரித்தால் சின்ன அறைக்காரிக்கு மனதுக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருக்கும். எங்கள் அனெக்ஸில் இருந்த பிள்ளைகள் ஒருமுறை செய்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு சோடி இரண்டு அறைக்கும் விலை சொல்ல வேண்டும், மற்றச் சோடி எந்த அறை என்று தெரிவு செய்ய வேண்டும். உதாரணத்துக்கு மொத்த வாடகை 24,000 என்றால், பெரிய அறைக்கு ஆளுக்கு 7,000, சின்ன அறைக்கு ஆளுக்கு 5,000 என்று விலை சொல்லலாம். எந்த அறை தனக்கு வரும் என்று தெரியாததால் விலை சொல்பவர் நியாயமாகத்தான் சொல்லுவார். பிறகு ஒருவரும் முணுமுணுக்க இடமில்லை.

குசினி

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் மூன்று இனமும் நாலு சமயமும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிறோம், வளாகமும் அப்படித்தான். ஆனால் ஒரே அடுப்பில் சமைப்பது வேறு விஷயம். நல்ல மனது மட்டும் போதாது, பேசி வைக்க வேண்டும்.

எங்களிடம் இருந்த ஒரு நாலு பேரைச் சொல்கிறேன். ஒருத்தி யாழ்ப்பாணம், வெள்ளிக்கிழமை மரக்கறி, கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம். ஒருத்தி மூதூர், ஹலால் தவிர வேறு இறைச்சி தொடமாட்டாள். ஒருத்தி ஹற்றன், ஒருத்தி மட்டக்களப்பு. வந்த முதல் கிழமையே நாலு பேரும் இருந்து பேசி, ஒரு தாளில் எழுதிச் சிங்குக்கு மேலே ஒட்டினார்கள். நீலக் கைப்பிடிச் சட்டியும் அதன் அகப்பையும் மரக்கறிக்கு மட்டும். கோழி வாங்குவது என்றால் மூதூர்ப் பிள்ளைதான் வாங்க வேண்டும், அப்போதுதான் எல்லோரும் சாப்பிடலாம். மாட்டிறைச்சி வீட்டுக்குள் வராது, வேண்டியவர் வெளியே சாப்பிடலாம். மீனில் யாருக்கும் பிரச்சினை இல்லை, கடற்கரை ஊருக்கு அது பெரிய வசதி. வெள்ளிக்கிழமை மீன் கறி வைப்பதென்றால் பின்பக்கக் கதவைத் திறந்து வைத்து, பாத்திரத்தை உடனே கழுவிவிட வேண்டும்.

நோன்பு மாதம் வந்தபோது இன்னொன்று சேர்ந்தது. சஹருக்கு விடியப்புறம் நாலு மணிக்கு எழும்ப வேண்டும், குசினி லைற் போட வேண்டும். அதற்காக மூதூர்ப் பிள்ளையும் ஹற்றன் பிள்ளையும் குசினிக்குப் பக்கத்து அறைக்கு மாறினார்கள். ஹற்றன் பிள்ளைக்கு எந்தச் சத்தத்துக்கும் தூக்கம் கலையாது. இப்படி ஒருத்தியின் குணம் தெரிந்து அறை மாற்றுகிற அளவுக்குப் பேசிக்கொள்கிறவர்களோடு எந்த வீட்டிலும் இருக்கலாம். அந்தத் தாள் அவர்கள் போகும்வரை சுவரில் இருந்தது. எண்ணெய் பட்டு மஞ்சளாகிப் போனாலும் யாரும் கழற்றவில்லை.

காஸ் பற்றியும் ஒரு சொல். 12.5 கிலோ சிலிண்டர் நாலு பேர் சமைத்தால் காலி ஆகும் நாள் எப்போதும் வசதியில்லாத நாளாகத்தான் இருக்கும். மாதம் பிறந்தவுடன் ஆளுக்கு ஒரு தொகை பொதுப் பணப்பெட்டியில் போட்டு வைப்பது நல்லது. வெறும் சிலிண்டரைக் காசு கொடுத்து வாங்கியது யார், போகும்போது அது யாருக்கு என்பதை வாங்கும் அன்றே பேசிவிடுங்கள்.

கரண்ட், தண்ணீர், காற்று

வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய விலைக்குக் கணக்குப் போடுவார்கள். 75 வாற்று மின்விசிறி ஒன்று நாளுக்கு 10 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 22.5 அலகு, இரண்டு அறைக்கும் 45. ஒரு குதிரைவலுத் தண்ணீர் மோட்டார் நாளுக்கு அரை மணித்தியாலம் ஓடினால் 11. ரைஸ் குக்கர் 700 வாற்று, நாளுக்கு அரை மணித்தியாலம், மாதத்துக்கு 10க்கு மேல். லைற்றும் அயன் பெட்டியும் ஃபோன் சார்ஜும் சேராமலே 66 வந்துவிட்டது. இதோடு உங்கள் அனெக்ஸும் வீட்டுக்காரர் வீடும் ஒரே மீற்றரில் இருந்தால், அவர்களுடைய அலகும் சேர்ந்து பில் மேல் படிக்குப் போய்விடும். தனி மீற்றர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். உப மீற்றர் மட்டும்தான் என்றால், மொத்தப் பில்லை மொத்த அலகால் பிரித்து வரும் சராசரி விலைக்குத் தருகிறோம் என்று சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் வாங்குகிறோம். மேல் படி அலகுகளை மட்டும் பிள்ளைகள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

தண்ணீருக்கு வந்தால், நகரப் பக்கம் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். கடற்கரையோர வீடுகளில் கிணறும் இருக்கும். மணல் நிலம், கடல் பக்கம். வெயில் காலத்தில் இறைக்க இறைக்கச் சில கிணறுகள் உவர்க்கத் தொடங்கும். சவர்க்காரம் நுரைக்காது, தலைமுடி ஒட்டிக்கொள்ளும். மார்கழியில் போய்ப் பார்த்தால் எல்லாக் கிணறும் நல்ல தண்ணீராகத்தான் இருக்கும். ஆடி மாதம் எப்படி இருக்கும் என்று பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள், வீட்டுக்காரரை விட அவர்கள் நேராகச் சொல்லுவார்கள்.

காற்றை இந்த ஊர்க்காரர் கட்டாயம் பார்ப்பார்கள், வெளியூர்ப் பிள்ளைகள் பார்ப்பதில்லை. வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக அடிக்கும். மேற்குப் பார்த்த சுவர் பின்னேரம் முழுக்க வெயில் குடித்து இரவு முழுக்கச் சூட்டைக் கக்கும். கொங்கிரீட் தட்டுக்கு நேர் கீழே உள்ள மேல்மாடி அறை அதைவிட மோசம், மின்விசிறி போட்டாலும் சூட்டுக் காற்றைத்தான் சுற்றும். வாடைக்காலத்தில் நிலைமை மறுபக்கம் திரும்பும். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய இரவில், எங்கள் வீட்டில் வடகிழக்கு ஜன்னல்களுக்குள்ளால்தான் தண்ணீர் வந்தது. ஓட்டுக் கூரை, பக்கத்தில் ஒரு வேம்பு, ஜன்னலுக்கு மேலே நல்ல தாழ்வாரம் இருந்தால் அறை சின்னதாக இருந்தாலும் எடுங்கள். எந்த ஜன்னலுக்கும் நுளம்பு வலை போட முடியுமா என்றும் பாருங்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைக்குக் கிட்ட உள்ள வீடுகளில் ஒரு விஷயம் கவனம். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், சித்திரைக்குப் பிறகு புரட்டாசி வரை, புறாத்தீவு பார்க்க வரும் உல்லாசப் பயணிகளால் அந்தப் பக்கம் நிறைந்துவிடும். ஓர் இரவுக்கு அவர்கள் கொடுப்பதை நினைத்தால் மாணவர் வாடகை வீட்டுக்காரர் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும். எல்லோரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஆனாலும் சீசனில் எழும்பச் சொல்வதில்லை, வாடகையைக் கூட்டுவதில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வருடம் முழுக்கப் படிப்பவர்களுக்குக் கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எடுப்பதே நல்லது.

அடுத்தது வளாகம் மூடிக் கிடக்கும் மாதங்கள். 2020 இல் கொரோனா, 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு, 2024 இல் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் என்று எத்தனை தடவை பிள்ளைகள் ஊரில் இருந்துகொண்டு பூட்டிய அறைக்கு வாடகை அனுப்பினார்கள். பூட்டிய வீட்டுக்கும் வீட்டுக்காரருக்குச் செலவு இருக்கிறது, அதையும் மறுக்க முடியாது. பாதி வாடகை என்று பேசுவது இரண்டு பக்கத்துக்கும் தாங்கக்கூடியது. இதை மூடிய பிறகு கேட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும், வரும்போதே கேட்டால் பெரும்பாலானோர் ஒத்துக்கொள்வார்கள்.

முற்பணம் எவ்வளவு, திருப்பித் தரும்போது எதற்காகக் கழிப்பார்கள், எழும்புவதென்றால் எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும் என்பவையும் அதே தாளில் வரட்டும். சாவி வாங்கும் அன்று மீற்றர் இலக்கத்தையும், சுவரில் ஏற்கனவே உள்ள வெடிப்பு, உடைந்த பூட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, நாலு பேருக்குள் ஒரு தனி உடன்பாடு வேண்டும். திருமணம், வேலை, விடுதியில் திடீரென்று இடம் கிடைத்தது என்று ஏதோ காரணத்தால் ஒருத்தி நடுவில் போவாள். போகிறவள்தான் தன் இடத்துக்கு ஆள் தேட வேண்டும், ஆனால் வருகிறவளை ஏற்பதா இல்லையா என்பதை இருக்கிற மூன்று பேரும் சொல்ல வேண்டும். ஆள் கிடைக்கும்வரை, ஆகக் கூடினால் இரண்டு மாதத்துக்கு, போகிறவள் தன் பங்கு வாடகையைத் தர வேண்டும். அதற்குப் பிறகு மூன்று பேரும் பிரித்துக்கொள்ளலாம். போகிறவளுடைய முற்பணப் பங்கை வருகிறவள் நேரே அவளிடம் கொடுத்துவிட்டால் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்க வேண்டியதும் இல்லை.